கூடாரத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன எல்கானா

எல்கானா ஹோல்ராய்டுக்குத் தான் கட்டிய பாட்டைத் தானே அடையாளம் காணத் தெரியவில்லை என்று பக்கத்துத் தார்ன்பெக் ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பச்சைப் பொய். அடையாளம் கண்டதால்தான் அத்தனை வினையும் வந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் அவர் பிறந்த வீட்டிலிருந்துதான் சொல்ல வேண்டும். அவசரப்படுகிறவர்கள் அவசரப்படட்டும்.

அவர் பிறந்தது ரேவன்கிளஃபில். யார்க்ஷயர் மலைச்சரிவில், கம்பளி ஆலையின் புகைபோக்கி நிழல் வாசலில் விழுகிற வரிசை வீடு. அப்பா கம்பளி சீவுகிறவர், அம்மா தறி ஓட்டுகிறவள். பத்து வயதில் எல்கானாவும் காலையில் ஆலை, மதியம் பள்ளிக்கூடம் என்று போனார். ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அதுதான் விதி. தறிச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்திலோ தூக்கம் கண்ணைச் சொருகும். பிள்ளை முழுசாக விழித்திருந்தது ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் மட்டும்தான். அங்கே ஆர்கன் இருந்தது.

அந்த ஆர்கனுக்குத் துருத்தி அடிக்கிற கிழவர் ஒருவர், பெயர் ஏமோஸ். ஆர்கனுக்குப் பின்னால் நின்று கட்டையை ஏற்றி இறக்கிக் காற்று அடைக்க வேண்டும், அதுதான் அவர் வேலை. ஆனால் மனுஷன் மூக்குப்பொடிக்காரர். ஞானப்பாட்டில் ஒவ்வொரு சரணத்திலும் மூன்றாம் அடி முடிகிற இடத்தில் கட்டையை விட்டுவிட்டு ஒரு சிட்டிகை உறிஞ்சுவார். காற்று இறங்கிவிடும், ஆர்கன் வாய் மூடிவிடும். சபை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கிழவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி கட்டையைப் பிடித்த பிறகுதான் நாலாம் அடி. ஏமோஸ் செத்துப்போய், வேறு ஆள் வந்து, அந்த ஆளுக்கு மூக்குப்பொடிப் பழக்கமே இல்லை. இருந்தும் ரேவன்கிளஃப் சபை மூன்றாம் அடி முடிவில் நின்றுகொண்டேதான் இருந்தது. வெளியூர்க்காரன் யாராவது வந்து பாடினால் அவன் குரல் மட்டும் தனியாக நாலாம் அடிக்குள் ஓடிவிடும். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் காது சிவந்துபோகும்.

எல்கானாவுக்கு அந்த நிற்கிற இடம்தான் பாட்டிலேயே பிடித்த இடம். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததுதான் பிடித்தது.

பையனுக்குக் கை வந்துவிட்டது என்று தெரிந்ததும் சபைப் பெண்கள் கேக்கும் தேநீரும் விற்று அவரை லண்டனுக்கு இசை படிக்க அனுப்பினார்கள். அங்கே ஒரு பேராசிரியர். கையில் எப்போதும் சிவப்புப் பென்சில். எல்கானா நாலு பகுதியாக ஒரு சிம்பொனி எழுதினார். அதில் இரண்டாம் பகுதி மெதுவான பகுதி, நடுவே, ஞானப்பாட்டின் மூன்றாம் அடி முடிகிற மாதிரி ஓரிடத்தில் எல்லா வாத்தியமும் ஒரு மூச்சு நின்று பிறகு தொடரும்படி ஒரு குறி போட்டிருந்தார். பேராசிரியர் அந்த இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இங்க ஏன்பா நிக்குது? வாசிக்கிறவன் செத்துப்போயிட்டானா?"

சிவப்புப் பென்சில் குறியை அடித்தது. எல்கானாவும் தாளை வாங்கிச் சுருட்டிக்கொண்டார். படித்தவர் சொல்கிறார், தப்பாக இருக்குமா? மூக்குப்பொடிக் கிழவரைப் பற்றி லண்டனில் எப்படிச் சொல்வது?

அந்தச் சிம்பொனியை ஒரே ஒரு தடவை, கடற்கரை ஊர் ஒன்றில் வாசித்தார்கள். மழைக்கு ஒதுங்க வந்த கூட்டம்தான் பாதி அரங்கு. மெதுவான பகுதி நடந்துகொண்டிருக்கும்போதே மழை விட்டது, கூட்டமும் எழுந்தது. நாற்காலிகள் மடங்குகிற சத்தத்தில் எல்கானா தன் இசையைக் கேட்டார். கேட்கவும் ஏதோ உயிரில்லாமல்தான் இருந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், வெளியூர்க்காரன் காது சிவக்கிற மாதிரி அது ஓடியது. ஆனால் தப்பு அதுதானா, வேறு ஏதாவதா, இல்லை தனக்கு இசையே வராதா என்று அவருக்கு விளங்கவில்லை.

ஊருக்குத் திரும்பி வந்தார். ஜெபவீட்டில் ஆர்கன் வாசித்தார். பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார். கல்யாணத்துக்கு, சாவுக்கு, பொதுக் குளியல்கூடத் திறப்பு விழாவுக்குக்கூடப் பாட்டுக் கட்டினார். ரோஜாச் செடி ஒன்றுகூடப் பிழைக்காத ஊரில் உட்கார்ந்து லண்டன் பதிப்பாளருக்கு ரோஜாப் பாட்டாக எழுதித் தள்ளினார். சோறு போட்டது அதுதான். தறி ஓட்டிக்கொண்டிருந்த ஹெப்சிபாவைக் கட்டினார். ஆழமான குரல்காரி, வாய்க்காரியும்கூட. ஒரே மகள் கெசியா. அவளைக் கட்டியவன் வில்லி அக்ராய்ட், ரேவன்கிளஃப் பேண்டில் கார்னெட் என்கிற சின்ன எக்காளத்தை முதல் ஆளாக ஊதுகிறவன். மாமனார் வீட்டிலேயே மாடியில் குடித்தனம்.

அந்தப் பக்கத்தில் பேண்டு இல்லாத ஊர் கிடையாது. ஆலைக்கு ஒன்று, சுரங்கத்துக்கு ஒன்று, சாராயம் தொடாதவர்களுக்குத் தனியாக ஒன்று. எல்லாம் பித்தளை வாத்தியம். வருஷத்துக்கு ஒரு தரம் ஆகஸ்டு மாதம் பெரிய போட்டி. எல்லாப் பேண்டும் ஒரே பாட்டைத்தான் வாசிக்க வேண்டும். சீட்டுக் குலுக்கி வரிசை எண் போடுவார்கள். நடுவர் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருப்பார்; வெளியே மேடையில் வாசிப்பது எந்த ஊர் என்று அவருக்குத் தெரியக் கூடாது. எண் மட்டும்தான் அவருக்கு. கல்யாண மோதிரம் போடுகிற நேரத்தில்கூட அத்தனை ஒழுங்கு பார்க்க மாட்டார்கள், அந்தக் கூடாரத்துக்குப் பார்ப்பார்கள்.

முதல் உலகப் போர் முடிந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். போட்டிக் கமிட்டி எல்கானாவிடம் வந்தது. பாட்டையும் அவரே கட்டித்தர வேண்டும், நடுவராகவும் அவரே உட்கார வேண்டும். அவர் பெட்டிக்குள் கிடந்த சிம்பொனியின் மெதுவான பகுதியை எடுத்து, வயலினுக்கு எழுதியதையெல்லாம் கார்னெட்டுக்கும் ஹாரனுக்கும் மாற்றிக் கொடுத்தார். பேராசிரியர் அடித்தது அடித்ததாகவே இருந்தது.

ஹெப்சிபா மாவு பிசைந்த கையோடு வந்து நின்றாள்.

"ஏய்யா, உனக்குப் புத்தி இருக்கா? நம்ம ஊரு ஜெயிச்சா நீ திருடன். தோத்தா நீ துரோகி. இதுல போய் எதுக்குய்யா உக்காருற?"

"என் பாட்டைப் பன்னெண்டு பேண்டு வாசிக்கும் ஹெப்ஸி. கடக்கரையில ஒரு தடவதான் கேட்டேன். அதுவும் நாக்காலி மடக்குற சத்தத்துல."

"கேட்டு?"

"அது நல்லாருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்கணும்."

"நான் சொல்றேன், நல்லாருக்கு. இப்ப போக வேண்டாம்ல?"

போகத்தான் போனார். அதற்கு முன்னால் மூன்று மாதம் பட்ட பாடு தனி. ஊர்ப் பேண்டு ஒத்திகை பார்க்கிற சத்தம் அவர் காதில் விழக் கூடாது. ஒத்திகை நாளில் ஹெப்சிபா அவர் காதில் பஞ்சு அடைத்து மேட்டுப் புல்வெளிக்கு விரட்டுவாள். அங்கே போனால் வில்லி தனியாக உட்கார்ந்து ஊதிக்கொண்டிருப்பான், இவரைக் கண்டதும் கார்னெட்டைச் சட்டைக்குள் செருகுவான்.

"கீழ போங்க மாமா! இந்தப் பக்கத்து ஆடு எல்லாத்துக்கும் பாட்டு மனப்பாடம். உங்களுக்குத்தான் கேக்கக் கூடாது."

"கீழதான் பேண்டு ஊதுதேடா!"

"அப்ப ஆத்தோரமா போங்க. போய் மீனைப் பாருங்க."

தான் கட்டிய பாட்டுக்குப் பயந்து ஊருக்குள் ஒளிந்து திரிந்த மனுஷன் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

போட்டி நாள் வந்தது. பட்டணத்துப் பூங்காவில் மேடை, அதற்கு எதிரே கூடாரம். கமிட்டித் தலைவர் ஒரு கம்பளி வியாபாரி; எல்கானாவின் கையைப் பிடித்துக் கூடாரத்துக்குள் விட்டுத் துணியை இறக்கிக் கட்டினார். உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூலையில் மூடிபோட்ட வாளி ஒன்று. வாளி எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை, சாயங்காலம் வரை வெளியே போகக் கூடாதல்லவா. கூடவே நடுவர் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒரு வங்கிக் குமாஸ்தா. பெர்சி ஆம்ப்ளர் என்று பெயர். பென்சிலை ஊசிபோலச் சீவி வைத்திருந்தான்.

விசில் ஊதியது. முதல் எண் வாசித்தது. சரியாகத்தான் வாசித்தது, சவப்பெட்டிக்கு ஆணி அடிக்கிற மாதிரி. இரண்டாவதில் டிரம்போன்காரன் அவசரக்காரன். மூன்றாவது ஏதோ கடனே என்று ஊதிவிட்டுப் போனது. கடற்கரையில் கேட்டது சரிதான், பாட்டில்தான் உயிர் இல்லை என்று நினைத்துக்கொண்டு எல்கானா பன்றிக்கறிப் பணியாரத்தைக் கையில் எடுத்தார்.

நாலாம் நம்பர் தொடங்கியது.

நடுவே அந்த இடம் வந்தது. பேராசிரியர் அடித்த இடம். தாளில் ஒரு குறியும் இல்லை. பேண்டு நின்றது. அத்தனை பித்தளையும் ஒரே மூச்சில் வாய் மூடியது. பூங்காவில் ஒரு குழந்தை எதையோ கேட்கிற குரல் தெளிவாக விழுந்தது. பிறகு அடிக்குரல் வாத்தியங்கள், கட்டையை மறுபடி பிடித்த ஏமோஸ் மாதிரி, மெதுவாக எழுந்தன.

எல்கானா கையில் இருந்த பணியாரம் மேசைமேல் விழுந்தது. கண்ணில் தண்ணீர். இதுதான். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் எழுதியது இதுதான்; ஒரு நாளும் கேட்டதில்லை.

"என்னங்க ஐயா, உடம்பு முடியலையா? தண்ணி தரட்டுமா?" என்றான் பெர்சி.

"சும்மா இருப்பா."

சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். தாளில் இல்லாத இடத்தில் இப்படி நிற்க உலகத்தில் எந்த ஊருக்குத் தெரியும்? ரேவன்கிளஃபுக்குத்தான். அப்படியானால் வெளியே நிற்பது நம் பேண்டு. முதல் கார்னெட் வில்லி. இப்போது இதற்கு முதல் பரிசு கொடுத்தால் கண்ணைத் திறந்துகொண்டு மருமகனுக்குக் கொடுத்ததாகாதா? ஊர் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வதாகக் கமிட்டிக்குக் கொடுத்த வாக்கு என்னாவது?

"எழுதுப்பா. தாளில் இல்லாத நிறுத்தம். பிழை."

பெர்சி பென்சிலை எடுக்கவில்லை. "நின்னதுதான் ஐயா நல்லாருந்துச்சு. எனக்கே மேலு சிலிர்த்துடுச்சு."

"உன் மேலைப் பத்தி யாரு கேட்டா? எழுது."

எழுதினான். நாலாம் நம்பர் பட்டியலில் கீழே இறங்கியது. ஐந்தாம் நம்பர் வந்து போனது. ஆறாம் நம்பர் வந்தது. அந்த இடத்தில் அதுவும் நின்றது!

எல்கானா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அப்படியானால் ரேவன்கிளஃப் இதுதானோ? நாலாவது யார்? நாலாவது வெளியூர் என்றால் அதற்குச் செய்தது அநியாயம்.

"பெர்சி, நாலாம் நம்பரை மேல ஏத்து."

"இப்பத்தானே இறக்கினீங்க?"

"இறக்கினேன், இப்ப ஏத்துறேன். நீ ஏன் கணக்குக் கேக்குற?"

ஆனால் ஆறாவது முரட்டுத்தனமாக நின்றது, கதவில் முட்டிக்கொண்டவன் நிற்கிற மாதிரி. நம் ஊர்ப் பையன்கள் இப்படி நிற்க மாட்டார்களே? அப்படியானால் நாலாவதுதான் நம் ஊர். நாலாவதை மறுபடி இறக்கச் சொன்னார். பெர்சியின் அழிப்பான் தாளைத் தின்றது. ஒன்பதாவதும் நின்றது, நின்ற நேரத்தில் ஒரு ஆள் தும்மி, பக்கத்தில் இருந்தவள் "கர்த்தர் காப்பாத்தட்டும்" என்று சொல்லி முடித்துவிட்டாள், அத்தனை நீளம். இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க நம் ஜெபவீட்டில்தான் ஞானஸ்நானம் வாங்கியதா என்று எல்கானா தலையைப் பிடித்துக்கொண்டார். நாலாவதா, ஆறாவதா, ஒன்பதாவதா? யாரை ஏற்றினாலும் நம் ஆளாக இருக்கலாம், யாரை இறக்கினாலும் வெளியாளாக இருக்கலாம்.

"ஐயா," என்றான் பெர்சி, பொறுக்க முடியாமல். "யாரு வாசிச்சாங்கன்னு பாக்காம எது நல்லாருந்துச்சுன்னு மட்டும் சொல்லிடுங்களேன். அதுக்குத்தானே கூடாரம்?"

"நாலுதான் நல்லாருந்துச்சு."

"அப்ப நாலு."

"அதனாலதான்டா பயமா இருக்கு."

அந்த நேரத்தில் பதினோராம் நம்பர் வாசித்தது. ஒரு பிசிறு இல்லை. தாளில் குறி இல்லாத அந்த இடத்தில் அது நிற்கவே இல்லை, வண்டிச் சக்கரம்போல நேராக உருண்டு போனது. எல்கானாவுக்கு மனசு மலரவில்லை. ஆனாலும் பெருமூச்சு வந்தது. இது நிச்சயமாக நம் ஊர் இல்லை. இதற்குக் கொடுத்தால் யாரும் விரல் நீட்ட முடியாது. பன்னிரண்டாவது வாசித்து முடிகிறவரை மட்டும் காத்திருந்தார்.

"பதினொண்ணு முதல்," என்றார். நின்ற மூன்று பேண்டுக்கும் பரிசு இல்லை. பெர்சி அவரை ஒரு பார்வை பார்த்தான். எழுதினான்.

மேடையில் செயலாளர் முதலில் எண்ணைச் சொல்லி, பிறகு குலுக்கல் சீட்டைப் பிரித்து ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும், அதுதான் முறை. எல்கானாவையும் கூடாரத்திலிருந்து கூட்டிவந்து அவர் பக்கத்தில் நிறுத்தினார்கள். கூட்டம் புல்லில் முண்டியடித்தது.

"முதல் பரிசு, பதினோராம் நம்பர்!" சீட்டைப் பிரித்தார். "ரேவன்கிளஃப்!"

ஒரு பக்கம் கைதட்டல், மூன்று பக்கம் ஊளை.

"மருமவன் மூச்சு மாமனாருக்குத் தெரியாதாக்கும்!"

"கூடாரத்துல ஓட்டையை எங்கய்யா வச்சீங்க?" என்று கத்தினார் ஒருவர். தார்ன்பெக் பேண்டு நடத்துகிற ஜோப் கிளெட்ஹில், சுரங்கத்து மேஸ்திரி, குரல் சங்கு மாதிரி.

எல்கானா செயலாளரின் கையைப் பிடித்தார். "நாலாம் நம்பர் யாரு?"

"தார்ன்பெக். ஏன்?"

கமிட்டித் தலைவர் காதோடு காதாகச் சொன்னார்: "மழை வர்ற மாதிரி இருக்கு ஹோல்ராய்ட். ரெண்டு வார்த்தை நன்றி சொல்லிட்டு எறங்கிடுங்க. நாளைக்கு மறந்துடுவாங்க."

நல்ல யோசனைதான். பேசாமல் இறங்கினால் திருடன் என்பார்கள், ஆனால் நிரூபிக்க முடியாது. நடந்ததைச் சொன்னால் என்ன என்பார்கள் என்று அவருக்கே தெரியவில்லை. சொன்னால் நேர்மையா, சொல்லாமல் விட்டால் நேர்மையா? சொந்தப் பேண்டு கையில் இருக்கிற கோப்பையைத் தட்டிவிடுவது நேர்மையா? ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாமலேயே வாயைத் திறந்தார்.

"நாலாம் நம்பரை ரேவன்கிளஃப்னு நெனச்சேன். நம்மாளுக்குக் குடுத்துட்டேன்னு பேரு வரக் கூடாதுன்னு எறக்கிட்டேன். ஆறும் ஒம்போதும் அதே கததான். பதினொண்ணு வெளியூருன்னு நெனச்சுத்தான் குடுத்தேன். இன்னிக்கு நல்லா வாசிச்சது நாலாம் நம்பர். தார்ன்பெக்."

திட்ட வந்தவர்களுக்கு எதைச் சொல்லித் திட்டுவதென்று தெரியவில்லை. ரேவன்கிளஃப் பேண்டு நடத்துகிற ஃபிரெட் லம்ப், கறிக்கடைக்காரர், கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார்.

"அதெப்படி எங்களன்னு நெனச்சீங்க?"

"மூணாம் அடி முடியிற மாதிரி அங்க நின்னாங்க. நம்ம சபையில நிக்கிற மாதிரி."

லம்ப் மெதுவாகத் திரும்பினார். "யோவ் ஜோப்! எங்க ஊரு மூக்குப்பொடி உங்க ஊருக்கு எப்பய்யா வந்துச்சு?"

சங்குக் குரல்காரருக்குக் குரலே எழும்பவில்லை. திருடனைத் தேள் கொட்டியது போல நின்றார். பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. நடுவர் ரேவன்கிளஃப்காரர் என்று தெரிந்ததும் தார்ன்பெக்கிலிருந்து இரண்டு கார்னெட்காரர்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ஆராதனைக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று பார்த்துப் போயிருக்கிறார்கள். நம்மை ரேவன்கிளஃப் என்று நினைத்துக் கிழவர் பரிசைக் கொடுத்துவிடுவார் என்று கணக்கு. ஆறாம் நம்பருக்கும் ஒன்பதாம் நம்பருக்கும் அதே கணக்கு. அந்த மூன்று மாதமும் ஜெபவீட்டில் வெளியூர் முகம் கூடிக்கொண்டே போனதைப் போதகர் பக்தி பொங்குகிற எழுப்புதல் என்று நினைத்து உபவாச ஜெபம் வேறு வைத்திருந்தார்.

"சரி, நாங்க நின்னோம். நீ ஏன்யா நிக்கல?" ஜோப்புக்குக் குரல் திரும்பிவிட்டது. "பொறந்ததுலேர்ந்து நிக்கிறவன் இன்னிக்கு மட்டும் ஏன் ஓடுன?"

லம்ப் தரையைப் பார்த்தார். "நின்னா எல்கானா அண்ணன் கண்டுபுடிச்சுருவாருல்ல. அவரு பேரு கெடக் கூடாதுன்னுதான்... மூணு மாசம் அந்த எடம் வந்தாலே கறிவெட்டுற கட்டையில கத்தியால ஓங்கிப் போடுவேன். நிக்காதடா, நிக்காதடான்னு. பசங்க அழுதானுங்க."

வில்லி கார்னெட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்ப நாங்க ஜெயிச்சமா இல்லையா?" என்று லம்ப் கேட்டார்.

எல்கானா கமிட்டித் தலைவரைப் பார்த்தார். தலைவர் வானத்தைப் பார்த்தார். நடுவர் சொன்ன எண் சொன்னதுதான், மாற்ற வழியில்லை என்று சட்டம் சொல்லிக் கோப்பையை லம்பின் கையில் திணித்துவிட்டு நடந்தார். லம்ப் அதை ஜோப்பிடம் நீட்டினார். ஜோப் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பிச்ச வேண்டாம்," என்றார். ஆனால் போகும்போது எல்கானாவின் பக்கத்தில் வந்து நின்று, யாருக்கும் கேட்காமல் கேட்டார்:

"நெசமாவே நல்லாருந்துச்சா?"

"அழுதுட்டேன்யா."

"நாங்க ஏமாத்தத்தான் நின்னோம்."

"தெரியும். அப்படியும் நல்லாத்தான் இருந்துச்சு. அதான் எனக்கு விளங்கவே இல்ல."

ஜோப் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

ரயிலில் கோப்பை பெஞ்சியில் தனியாக ஓர் ஆள்போல உட்கார்ந்து வந்தது. பாதி வழியில் வில்லி கேட்டான்.

"மாமா, நாங்க நல்லா வாசிக்கலையா?"

"ஒரு தப்பு இல்லாம வாசிச்சீங்க."

"அதக் கேக்கல."

எல்கானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மருமகன் மனசு நோகும் என்று தெரிந்தும் வாய்க்கு வேறு வார்த்தை வரவில்லை. "அந்த எடத்துல நிக்காம போனப்ப யாரோ வெளியூர்க்காரன்னு நெனச்சேன்டா," என்றார்.

ரேவன்கிளஃப் நிலையத்தில் ஊரே கூடியிருந்தது. தந்தி முன்னாலேயே வந்துவிட்டது, அதில் ஜெயித்ததாக மட்டும்தான் இருந்தது. ஜெயித்த பேண்டு நிலையத்திலிருந்து ஊதிக்கொண்டே ஊர்வலம் போவதுதான் வழக்கம். லம்ப் பேண்டை வரிசையில் நிறுத்தினார், ஊதச் சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாமென்று சொல்லவும் வரவில்லை. கடைசியில் முரசுக்காரன் தானாகவே தட்டத் தொடங்கினான். பாதிப் பேர் ஒரு நடைப்பாட்டை ஊதினார்கள், பாதிப் பேர் வாத்தியத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். இப்படி ஓர் ஊர்வலத்தை அந்த ஊர் கண்டதில்லை. கல்யாணமா சாவா என்று சொல்ல முடியாது.

எல்கானா கடைசியில் நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் யாராவது கூப்பிட்டார்கள்.

"எல்கானா அண்ணே! நம்ம பசங்க ஜெயிச்சுட்டானுங்களாமே!"

"ஜெயிச்சாங்க. ஆனா நாலாம் நம்பர்தான் நல்லா வாசிச்சது. தார்ன்பெக்."

கேட்டவர் முகம் தொங்கிப்போகும். அடுத்த வாசல். அதே கேள்வி, அதே பதில். ரொட்டிக்கடைக்காரி கதவைச் சாத்தினாள். ஆலைக் காவல்காரர் காறித் துப்பினார். ஒருவர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார், அவர் முன்பே குடித்திருந்தார்.

ஹெப்சிபா நடுத்தெருவுக்கே வந்து அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"யோவ், வாய மூடிக்கிட்டு வரக் கூடாதா? நாளைக்கு இந்தத் தெருவுல நாம நடக்க வேணாமா? புள்ள வில்லி முகத்தப் பாரு."

"பாத்தேன்."

"அப்புறம்?"

"அவங்க கேக்குறாங்க ஹெப்ஸி. கேட்டா என்ன சொல்றது?"

"ஜெயிச்சாங்கன்னு மட்டும் சொல்லு. அது பொய்யா?"

முன்னால் முரசு தட்டிக்கொண்டே போனது. "பொய்யில்ல," என்றார். "நெசமான்னும் தெரியல."

அடுத்த வாசலில் கண் மங்கிய கிழவி ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஊர்வலம் போவது அவளுக்குச் சத்தத்தில் மட்டும்தான் தெரிந்தது. "யாரு போறது? ஜெயிச்சது யாரு?" என்று கேட்டாள்.

ஹெப்சிபா அவர் கையை அழுத்தினாள். அவர் கிழவியின் பக்கம் குனிந்து, தெளிவாகக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"போறது நாங்க, ஆத்தா. நல்லா வாசிச்சது தார்ன்பெக்."